அயர்ன் மேனுக்கு யார் குரல்?

ரசிகர் சண்டை என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எம்.ஜி.ஆர்-சிவாஜி, ரஜினி-கமல், விஜய்-அஜித் சண்டைகள்தான். கட் அவுட், பாலாபிஷேகம், டீக்கடை வாக்குவாதம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் 2019 ஏப்ரலில் தமிழ் ரசிகர்கள் ஒரு ஹாலிவுட் படத்துக்காக மல்லுக்கட்டினார்கள். கதைக்காக இல்லை, கிளைமாக்ஸுக்காக இல்லை. குரலுக்காக!

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019 ஏப்ரல் 26 அன்று இந்தியாவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று நான்கு மொழிகளில் வெளியானது. தமிழுக்கு வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா குரல். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி. இந்த அறிவிப்பும் தமிழ் டிரெய்லரும் வந்ததுதான் தாமதம், மார்வெல் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். "விஜய் சேதுபதி நல்ல நடிகர், மறுக்கவில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்தால் டோனி ஸ்டார்க் காணாமல் போய் விஜய் சேதுபதிதான் தெரிகிறார்" என்பது அவர்கள் கட்சி.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருந்தது. தெரிந்த நடிகர் பேசினால் படம் பட்டிதொட்டியெல்லாம் போகும் என்றார்கள். 2018-ல் 'டெட்பூல் 2' படத்துக்கு ரன்வீர் சிங் இந்தியில் பேசினார். தெலுங்கில் தானோஸுக்கு ராணா பேசினார். எண்ட்கேம் வந்த அதே 2019-ல் 'தி லயன் கிங்' தமிழில் சித்தார்த் சிம்பாவானார், அரவிந்த்சாமி ஸ்காரானார். வியாபாரம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. ஆட்கள் குறைவு, சத்தம் அதிகம். "டப்பிங்கில் பார்க்கிறவனுக்கு எதற்கு குரல் பஞ்சாயத்து? ஒழுங்காக இங்கிலீஷில் பார்த்துவிட்டுப் போ" என்பது அவர்கள் வாதம். இந்த மூன்றாம் கட்சிதான் பரமத்தி வேலூரில் ஒரு குடும்பத்தில் ஆறு மாதம் பேச்சுவார்த்தையை நிறுத்தி வைத்தது.

பெரியப்பா மகன் ஒருவர், சித்தப்பா மகன் ஒருவன். ஏழு வயது வித்தியாசம். கூட்டுக் குடும்பம். வேலூர் என்றால் காவிரி, ராஜவாய்க்கால், வாழைத்தோட்டம், எல்லாவற்றுக்கும் மேல் வெற்றிலைக் கொடிக்கால். இவர்கள் குடும்பத்துக்கும் வெற்றிலை வியாபாரம். நூறு வெற்றிலை ஒரு கவுளி, நூற்று நான்கு கவுளி ஒரு சுமை, வெள்ளைக்கொடிக்கு ஒரு விலை, கற்பூரிக்கு ஒரு விலை என்ற கணக்கெல்லாம் வீட்டில் நண்டு சிண்டுகளுக்கும் தெரியும்.

அண்ணன் உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பிளஸ் டூ முடித்ததும் மண்டியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி படித்தது வேறு மாதிரி. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணைகளுக்கு அடுத்தபடி பெயர் வாங்கியவை விடுதியோடு கூடிய மெட்ரிக் பள்ளிகள். பிராய்லர் பள்ளி என்று ஊரே கிண்டல் செய்யும். அப்படி ஒன்றில் தம்பியைச் சேர்த்தார்கள். தமிழில் பேசினால் அபராதம். அங்கிருந்து இன்ஜினியரிங், அங்கிருந்து பெங்களூரு ஐடி கம்பெனி.

சூப்பர் ஹீரோ பைத்தியத்தைத் தம்பிக்கு ஏற்றிவிட்டதே அண்ணன்தான். அவருக்கு அது பரம்பரைச் சொத்து. பெரியப்பா சேர்த்து வைத்திருந்த பழைய முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று பரணில் இருந்தது. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். பிரிட்டிஷ் காமிக்ஸில் 'ஸ்டீல் க்ளா' என்று வந்த கதை. ஆனால் படித்த தமிழ்ப் பையன் எவனுக்கும் அது வெளிநாட்டுக் கதையாகத் தோன்றியதே இல்லை. மாயாவி மாயாவிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் காட்டில் குதிரையில் வரும் முகமூடிக்காரர், அதாவது பாண்டம். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். ஒருவன் இதைப் படித்துவிட்டு, இன்னொருவன் அதைப் படித்துவிட்டு, "மாயாவியால மறைய முடியும்", "முடியாதுடா" என்று மணிக்கணக்கில் சண்டை போட்ட தலைமுறை அது. இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஆள்தான் வேறு :-)

அடுத்து வந்தது சக்திமான். 1997-லிருந்து தூர்தர்ஷனில் இந்தியில் ஓடியது. வேலூர்ப் பையன்களுக்கு இந்தி எங்கே தெரியும்? ஒரு வார்த்தை புரியாமலே வாயைப் பிளந்து பார்த்தார்கள். கதையை அவரவரே இட்டுக்கட்டிக்கொண்டு திங்கட்கிழமை பள்ளியில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். 2002-ல் 'ஸ்பைடர் மேன்' தமிழிலேயே வந்தது. அண்ணனுக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஏழு. சித்தப்பாவோடு பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, கரூர் போய்ப் பார்த்தார்கள். அமெரிக்காக்காரன் தமிழில் பேசுகிறான், அதுவும் தங்களோடு பேசுகிறான்! அந்த ஒரு படத்தை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினார்கள்.

பிறகு 2008-ல் அயர்ன் மேன் வந்து, அடுத்தடுத்து மார்வெல் படங்கள் வரிசை கட்டின. அண்ணன் தமிழில் பார்த்துக்கொண்டே வந்தார். தம்பி விடுதிக்குப் போனதும் ஆங்கிலத்துக்கு மாறினான். தம்பி விடுமுறைக்கு வந்தால் விவாதம் ஆரம்பம். ஹல்க் பெரியவனா, தார் பெரியவனா? 'சிவில் வார்' படத்தில் தப்பு யார் மேல்? 2018-ல் 'இன்ஃபினிட்டி வார்' பார்த்துவிட்டு ஒரு மாதம் தானோஸ் பஞ்சாயத்து. பாதி உயிர்களை அழிப்பதற்குப் பதில் வளங்களை இரண்டு மடங்காக்கியிருக்கலாமே என்று உலகமே கேட்ட கேள்வியை வேலூர் மண்டியிலும் கேட்டார்கள். சண்டை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எண்ட்கேம் குரல் விவகாரத்தில் அண்ணன் முதல் கட்சி. பத்து வருடமாகக் கேட்டுப் பழகிய டோனி ஸ்டார்க்கின் பேச்சு போய்விட்டதே என்று புலம்பினார். தம்பி போனில் சிரித்தான்.

"டப்பிங்லயே என்னங்ண்ணா ஒரிஜினல் வேண்டிக் கிடக்கு? நீங்க இத்தன வருசமா பாத்ததே ஒரிஜினல் இல்லீங்களே."

அவ்வளவுதான். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு தீபாவளிக்குத் தம்பி வந்தபோது "வாடா, சாப்டியா" என்பதோடு சரி.

தம்பி சொன்னது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. மூத்தவன் பள்ளிக்கூடத்தில் கற்காத ஒன்றை இளையவனுக்குக் காசு கட்டிக் கற்றுக்கொடுத்த வீடு அது. கட்டிய காசில் அண்ணன் மண்டியில் சம்பாதித்ததும் உண்டு. ஆங்கிலம் தெரிந்தவன் உயரத்தில், தெரியாதவன் கீழே என்பது வேலை, சம்பளம், கல்யாணச் சந்தை எல்லாவற்றிலும் இருக்கிற கணக்கு. அந்தக் கணக்கு நுழையாத ஒரே இடம் அயர்ன் மேன்தான் என்று அண்ணன் நினைத்திருந்தார். அங்கேயும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

தம்பி கட்சியின் வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ராபர்ட் டௌனி ஜூனியர் பேசுவதில் பாதி நடிப்பு குரலில் இருக்கிறது. முணுமுணுப்பு, வேகம், வாக்கியத்தைப் பாதியில் விட்டுத் தாவுவது எல்லாம். தமிழ் டப்பிங்கில் அது அப்படியே வராது. உதட்டசைவுக்கும் பார்க்க வேண்டும். உதடு மூடும் இடத்தில் ப, ம மாதிரி ஓர் எழுத்து விழ வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடும். அதனால் நடிகர் புருவத்தை உயர்த்துகிற இடத்தில் விழ வேண்டிய சொல் இரண்டு நொடி முன்னாலோ பின்னாலோ போய்விடுகிறது. அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளை வைத்துச் சொல்லும் நக்கல் இங்கே எடுபடாது. அதற்குப் பதில் வேறு நக்கல் போட வேண்டும். இதெல்லாம் இழப்புதான்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2019-ல் விஜய் சேதுபதி குரலை எதிர்த்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் பார்க்கிறவனுக்குத் தமிழில் யார் பேசினால் என்ன? கொதித்தவர்களில் பெரும்பாலோர் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள். போஸ்டரில் பெயர் வராத டப்பிங் கலைஞரின் குரல் அவர்களுக்கு டோனி ஸ்டார்க்கின் சொந்தக் குரலாகவே ஆகிவிட்டது. அதை மாற்றியதும் 'இது அவர் இல்லை' என்றார்கள். நகல் என்றால் எதற்குக் கோபம் வரப்போகிறது? தங்களிடம் இருப்பது அசல் என்று நம்புகிறவனுக்குத்தான் இப்படிக் கோபம் வரும்.

உலகம் முழுக்க நீண்ட காலம் ஓடும் தொடர்களில் ரசிகர்களின் சண்டை கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருகிறது. எது உண்மையான கதை, அதைச் சொல்ல உரிமை யாருக்கு? 'ஸ்டார் வார்ஸ்' படங்களை ஜார்ஜ் லூகாஸ் 1997-ல் திருத்தி வெளியிட்டபோது, ஒரு காட்சியில் யார் முதலில் சுட்டது என்பதை மாற்றினார். ரசிகர்கள் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2014-ல் அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ்களை எல்லாம் கதைக்கணக்கில் சேராது என்று கம்பெனியே அறிவித்தது. இருபது வருடமாகக் காசு கொடுத்துப் படித்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னொரு உதாரணம் 'டாக்டர் ஹூ'. 1963 நவம்பரில் பிபிசி தொடங்கிய அறிவியல் தொடர். கதாநாயகன் வேற்றுக்கிரகவாசி, சாகும் தறுவாயில் உடம்பு மாறிப் புது ஆளாகிவிடுவான். முதலில் நடித்தவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, 1966-ல் இந்த உத்தியைக் கொண்டுவந்து நடிகரை மாற்றினார்கள். அன்றிலிருந்து எந்த டாக்டர் உண்மையான டாக்டர் என்ற சண்டை ஓயவில்லை. 1960-களில் எடுத்த பல எபிசோடுகளைப் பிபிசியே அழித்துவிட்டது. அந்தக் காலத்தில் டேப்புக்கு விலை அதிகம், பழைய நிகழ்ச்சியை யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம். படம் போய்விட்டது. ஆனால் ஒலி போகவில்லை. டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்து வைத்திருந்த ரசிகர்கள் இருந்தார்கள். காணாமல் போன எபிசோடுகள் எல்லாவற்றுக்கும் ஒலி இன்று இருப்பது அவர்களால்தான். பல வருடங்களுக்கு டாக்டரின் குரலைக் காப்பாற்றியது பிபிசி இல்லை, அவன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ரசிகன்.

சரி, வேலூருக்கு வருவோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. தம்பி மடிக்கணினியோடு வீடு வந்து சேர்ந்தான். மண்டியில் வேலை இல்லை. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை என்றால் வெற்றிலை எங்கே போகும்? ஒரே வீட்டில் இரண்டு பேரும் எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது! ஏப்ரலில் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டார் வந்ததும் தம்பிதான் முதலில் போய் நின்றான். முதல் படத்திலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பது என்று முடிவானது. அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தமிழ் ஒலி கிடைக்கும் படம் என்றால் இரண்டு மொழியிலும் பார்க்கோணும், தூங்கக் கூடாது.

இரண்டு மாதம் ஓடியது. தம்பிக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'யூ'தான். கேப்டன் அமெரிக்கா டோனியைக் கூப்பிடுவதும் 'யூ', ஸ்பைடர் மேன் பையன் கூப்பிடுவதும் 'யூ'. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. நீயா, நீங்களா? வாங்கவா, வாவா, வாடாவா? நண்பர்களாக இருந்த இருவர் சண்டை போட்டுக்கொள்ளும்போது எந்த இடத்தில் மரியாதை குறைய வேண்டும்? ஆங்கிலம் கேட்கவே கேட்காத கேள்விக்கு வசனம் எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் பதில் சொல்லியாக வேண்டும். சொன்ன பதில் சரியா தப்பா என்று தமிழில் பார்க்கிறவன் மட்டும்தான் சண்டை போட முடியும். "இந்த எடத்துல 'நீங்க'ன்னு சொல்லீருக்கக் கூடாதுங்ண்ணா" என்று தம்பி ஆரம்பித்தான். அண்ணன் விடவில்லை. "ஏண்டா, அப்பன் மாதிரி இருக்கறவன நீன்னா சொல்லுவான்?" பழைய வேகம் திரும்பிவிட்டது.

அண்ணனும் ஒன்றைச் சொல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் கேட்டபோது அர்த்தம் முழுக்கப் பிடிபடாவிட்டாலும், டௌனியின் குரல் இத்தனை சோர்வாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லையாம். "நம்ம டோனி கொஞ்சம் தெம்பா இருப்பான். இவன் பாவம்டா" என்றார். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்பது போலவே பேசினார். பாண்டமும் இரும்புக்கைக்காரரும் ஒரே பெயரில் இருந்ததைப் போல.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பாரு. எண்பது வயது தாண்டியவர். பேரன்கள் இரண்டு பேரும் வயசுக்கு மீறிச் சின்னப்பிள்ளைத்தனம் செய்கிறார்கள் என்பது அவர் அபிப்பிராயம். ஆனால் எது அசல் என்ற பேச்சு வந்ததும் அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அண்ணன்மார் கதை.

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொன்னர்-சங்கர் கதையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். குன்னுடையான், தாமரை, தங்கை அருக்காணி, கொம்பன் பன்றி, வீரப்பூர் பெரியகாண்டியம்மன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை முழுக்க ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் அதை அனிமேஷன் தொடராகவும் ஆக்கினார். கலைஞர் அதை நாவலாக எழுதினார், 2011-ல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்துப் படமாகவும் வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பாடுகிறவர் எந்த ஊர், எந்தப் பக்கத்து ஆள் என்பதைப் பொறுத்துக் கதையில் நியாயம் இருக்கும் பக்கமே மாறும். கேட்டுக்கொண்டிருக்கும் கிழவர்கள், "போன வருசம் வந்தவன் இப்படிச் சொல்லலையே" என்று நடுவிலேயே மறிப்பார்களாம். விடிய விடியப் பஞ்சாயத்து நடக்குமாம். எந்தக் கம்பெனியும் வந்து இதுதான் அதிகாரபூர்வக் கதை என்று அறிவித்தது கிடையாது.

"அப்ப எதுங்க அப்பாரு ஒரிஜினல்?" என்று தம்பி கேட்டான்.

"அதெல்லாம் ஆரு கண்டா? பாடறவனுக்குத் தொண்டை நல்லா இருக்கோணும். அதுதான் முக்கியம்."

இதைக் கேட்டு அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆக, அப்பாருவும் முதல் கட்சிதான்!

இப்போது தமிழ் சினிமாவே இந்த விளையாட்டை ஆட ஆரம்பித்துவிட்டது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' 2019-ல் வந்தபோது தனிப்படம். 2022 ஜூனில் 'விக்ரம்' வந்து அதைக் கதைக்குள் இழுத்துக்கொண்டது. 1986-ல் வந்த கமலின் பழைய விக்ரமுக்கும் அதில் முடிச்சுப் போட்டார்கள். 2023 அக்டோபரில் 'லியோ' வருவதற்கு முன்னால் அது இந்த வரிசையில் சேருமா சேராதா என்று மாநிலமே பந்தயம் கட்டியது. சேர்ந்தது. சேர்ந்த பிறகு வேறு சண்டை. பிளாஷ்பேக்கைச் சொல்வது மன்சூர் அலிகானின் பாத்திரம், அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று இயக்குநரே பேட்டியில் சொல்லிவிட்டார். திரையில் கண்ணால் பார்த்ததே பொய்யாக இருக்கலாம் என்றால் ரசிகன் எதை நம்புவது? இது அண்ணன்-தம்பிக்கு ஒரு வருடத்துக்கான தீனி. அதில் நல்ல விஷயம், இங்கே சப்டைட்டில் உயரம், டப்பிங் பள்ளம் எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மொழி, ஒரே தரை.

இதற்கிடையில் மார்வெல்காரர்கள் மறுபடி ஒரு குண்டைப் போட்டார்கள். 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கானில், ராபர்ட் டௌனி ஜூனியர் திரும்ப வருகிறார், ஆனால் அயர்ன் மேனாக இல்லை, 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் வில்லன் டாக்டர் டூமாக என்று அறிவித்தார்கள். அன்று இரவே பெங்களூருவிலிருந்து வேலூருக்கு போன் பறந்தது. கேள்வி ஒன்றுதான். தமிழில் யார் பேசுவது? முகம் பழைய முகம், ஆள் புது ஆள்.

அண்ணன் சொன்னார், "ஆளு வேறன்னா குரலும் வேறயாத்தாண்டா இருக்கோணும். நம்ம டோனி குரல்ல வில்லன் பேசுனா நல்லாவா இருக்கும்?"

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷில் அதே தொண்டைதானே பேசப்போகிறது, அதே மாதிரி இங்கேயும் பழைய டோனிக்குப் பேசியவரையே கூப்பிட வேண்டும், அதுதான் முறை என்றான். விஜய் சேதுபதிக்கு முன்னால் பேசியவரை.

"எவரு, அந்த டப்பிங்காரரையா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஒரிஜினல் டப்பிங்காரருங்ண்ணா."